புலம்பலின் வேர் எங்கே?
கொள்ளிடக் கரையின் கத்தோலிக்க இரங்கற்பா பற்றிய வழக்குகள்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டு மாணவர்களில் பலருக்கு வீரமாமுனிவரின் தேம்பாவணிக் காப்பியம் அறிமுகமாவது ஒரு சாவின் வழியாகத்தான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்ற பகுதியில், கருணையன் தன் தாய் எலிசபெத்தைக் கானகத்தில் நல்லடக்கம் செய்துவிட்டு அழுகிறான். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் சூட்டிய பெயர். தாயின் வாய்ச்சொல்லே தனக்கு மழையாக இருந்தது என்கிறான் அவன். அந்தத் துளி நின்றதும், மணி பிடிக்கும் முன்பே வாடிக் காய்ந்த இளம்பயிரானேன் என்று புலம்புகிறான். வானம் பார்த்த பூமியான பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இந்த உவமைக்கு உரை தேவைப்படாது. அதை எழுதியவரோ வட இத்தாலியில் பிறந்த சேசு சபைத் துறவி.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இந்தப் புலம்பல் எந்த மரபின் பிள்ளை? அதே காலத்தில் கத்தோலிக்க உலகின் மறுகோடியில், ஸ்பெயின் ஆண்ட அமெரிக்க நாடுகளில், சாவுச் சடங்குக்கெனப் பல்குரல் பாட்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒரே சமயம்; இறந்தோருக்கான இலத்தீன் சடங்கும் ஒன்றே; துறவியரில் பலர் ஒரே சபையினர். அங்கே துயரம் பாடகர் குழுவின் இசையாயிற்று. கொள்ளிடக் கரையில் அது ஏன் விருத்தமாகவும் அந்தாதியாகவும் உருவெடுத்தது? இதற்குக் கடந்த இருநூறு ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் முதன்மையானவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் வலுவையும் குறையையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமும் ஆளும்

வீரமாமுனிவர் எனப்படும் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி 1680இல் மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். 1710ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்து மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சி அவருடைய பணி மையங்களில் தலையாயது. அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார்.

இரண்டு பெயர்களும் பாதுகாப்பைச் சொல்பவை. ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராத்தியர் ஆட்சி. அங்கே 1701இல் கிறித்தவர்கள் மீது கடும் அடக்குமுறை நடந்தது. வடக்கே அரியலூர் மழவராயர், உடையார்பாளையம் உடையார் ஆகியோரின் பாளையங்கள். தெற்கே விரட்டப்பட்டவர்களுக்கு வடகரை புகலிடமானது என்பதையே 'அடைக்கலம்' என்ற பெயர் குறிக்கிறது என்று கருதுவோர் உண்டு.

இந்த ஊரை வைத்து அவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். சிலுவையடியில் நின்ற மரியாளின் துயரத்தை அன்னை அழுங்கல் அந்தாதியில் பாடினார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியையும் இந்தப் பணிக்காலத்தில்தான் முடித்தார். அந்தக் காப்பியத்துக்குக் கடலூர் மாவட்டக் கோனான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோயில் மரபும் உரிமை கொண்டாடுவதால், எந்தப் பாடல் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று அடித்துச் சொல்வது சரியாகாது.

மறுகோடி: ஸ்பானியப் பேரரசின் சாவுப் பாட்டு

ஒப்பிட வேண்டிய மறுமுனையை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மோட்டெட் என்பது இலத்தீன் மறைநூல் வரிகளுக்கோ வழிபாட்டு வரிகளுக்கோ அமைக்கப்படும் பல்குரல் பாட்டு. நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் தனித்தனி வழியில் நடந்து ஒன்றையொன்று தழுவிச் செல்லும். சாவுக்கான மோட்டெட்டுகளில் பெரும்புகழ் பெற்ற ஒரு பாடம் யோபு நூலிலிருந்து எடுக்கப்பட்டது. தன் யாழ் புலம்பலாக மாறிவிட்டது என்று துன்புறும் யோபு சொல்லும் இடம் அது.

இதே பாடத்தை அலோன்சோ லோபோ, மன்னர் இரண்டாம் பிலிப்பின் இறுதிச் சடங்கை முன்னிட்டு ஆறு குரல்களுக்கு அமைத்தார். அது 1602இல் அச்சேறியது. தோமாஸ் லூயிஸ் தெ விக்தோரியா, 1603இல் இறந்த பேரரசி மரியாவின் நினைவாக அமைத்து 1605இல் வெளியிட்டார். இந்த இருவரும் மறுமலர்ச்சிக் காலத்தின் கடைசி வரிசையினர். அடுத்த தலைமுறையில், மெக்சிகோவின் புவெப்லா தலைமைக் கோயிலில் 1629 முதல் 1664 வரை இசைத் தலைவராக இருந்த ஹுவான் குத்தியேரஸ் தெ பாதியா அதே பாடத்துக்குத் தம் இசையைக் கொடுத்தார். காலனி நாட்டுப் பரோக் சாவு மோட்டெட் என்றதும் முதலில் நினைவுக்கு வருவனவற்றுள் அது ஒன்று.

யாழ் புலம்பும் இந்தப் படிமம் தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. விளரிப் பண்ணை இரக்கத்தோடு சேர்த்து எண்ணியது பழந்தமிழ் இசைமரபு. சாவு வீட்டுப் பறைக்கு நெய்தற்பறை என்றே பெயர். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைக் காட்டி உலகின் இயல்பைப் பேசும் புறநானூற்றுப் பாடலும் உண்டு. ஆனால் படிமம் ஒத்திருப்பது வேறு, ஒரே வேர் என்பது வேறு. வழக்கு தொடங்குவதே இந்த வேறுபாட்டில்தான்.

முதல் விடை: ஐரோப்பாவிலிருந்து வந்தது

முதல் தரப்பின் வாதம் நேரானது. பொருள் ஐரோப்பியம், தமிழ் அதற்குப் போர்த்திய ஆடை. இதற்கு மூன்று சான்றுகள் காட்டப்படுகின்றன.

ஒன்று, கதைமூலம். எலிசபெத்தின் சாவைப் பற்றி விவிலியம் பேசுவதில்லை. கானகத்தில் அவர் இறந்தார் என்பது மறைநூலுக்கு வெளியே வளர்ந்த கதை. தேம்பாவணியின் கதைப்போக்குக்குப் பெரிதும் துணையானது ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியாள் (1602–1665) எழுதி 1670இல் வெளியான 'கடவுளின் மறைநகர்' என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கின்றனர். அந்தத் துறவி தம் ஊர் மடத்தை விட்டு வெளியேறாதவர். ஆயினும் நியூ மெக்சிகோ பழங்குடிகளிடையே அவர் காட்சி தந்து போதித்தார் என்ற நம்பிக்கை ஸ்பானிய அமெரிக்கா எங்கும் பரவியிருந்தது. புவெப்லாவின் பாட்டும் கொள்ளிடக் கரையின் காப்பியமும் நேரில் சந்தித்ததில்லை. என்றாலும் இரண்டுக்கும் பின்னே ஒரே ஸ்பானியப் பக்தி உலகம் இருந்தது என்பதற்கு இது வலுவான சான்று.

இரண்டு, காலம். மரியாளின் ஏழு வியாகுலங்களின் திருநாளைப் பதின்மூன்றாம் பெனடிக்ட் பாப்பரசர் 1727இல் இலத்தீன் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கினார். சிலுவையடியில் நிற்கும் தாயைப் பாடும் பழைய இலத்தீன் பாடலுக்குப் பெர்கொலேசி இசையமைத்தது 1736இல். அன்னை அழுங்கல் அந்தாதியும் இந்தத் தலைமுறையின் படைப்பே.

மூன்று, பயிற்சி. சேசு சபையின் தியான முறையில் இடத்தையும் ஆட்களையும் மனக்கண்ணில் நிறுத்தி, அவர்களின் அழுகையைக் கேட்டு உருகுவது ஒரு படிநிலை. தாயைக் கிடத்தும் மகனைப் பாட்டு இத்தனை நெருக்கமாகக் காட்டுவதற்கு இந்தப் பயிற்சி காரணமாகலாம்.

இத்தரப்பின் குறை என்ன? கதையின் மூலத்தைக் காட்டுவதால் பாட்டின் மூலம் கிடைத்துவிடாது. எலிசபெத் எப்படி இறந்தார் என்பதை ஸ்பானிய நூல் தரலாம்; மணி பிடிக்கும் முன் காய்ந்த பயிரை அது தர முடியுமா? மேலும், வீரமாமுனிவரின் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் முதலில் விரிவாக எழுதிய முத்துசாமிப் பிள்ளை 1822இல்தான் எழுதினார். செவிவழிக் கதைகளே அவருக்குப் பெரும் துணை. சந்தா சாகிபுவின் திவானாக முனிவர் இருந்தார் என்பது போன்ற செய்திகளைப் பின்வந்தோர் ஐயுற்றனர்; 1918இல் வெளியான பெஸ் பாதிரியாரின் நூல் அவற்றுள் பலவற்றைச் சலித்துப் பார்த்தது. இறந்த ஆண்டு 1742 என்றும் 1747 என்றும், இடம் அம்பலக்காடு என்றும் மணப்பாடு என்றும் நூல்கள் மாறுபடுகின்றன. இப்படிப்பட்ட வரலாற்றை வைத்து அவர் மனத்துக்குள் ஐரோப்பா எவ்வளவு, தமிழ் எவ்வளவு என்று அளப்பது எளிதன்று.

இரண்டாம் விடை: காப்பிய மரபின் வாரிசு

இரண்டாம் தரப்பு தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்களுள் ஒன்று இழவு. இறந்தோரை நினைந்து இருப்போர் பாடும் கையறுநிலையை அது காஞ்சித் திணையில் வைக்கிறது. தாமே தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணம் எழுதிய ஒருவருக்கு இவை தெரிந்திருக்கும். சிந்தாமணியின் நடையும் கம்பனின் ஓட்டமும் தேம்பாவணியில் படிந்திருப்பதைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

இத்தரப்பு தன் வலுவான சான்றாகக் காட்டுவது இயற்கை அழும் காட்சியை. கருணையனின் புலம்பலைக் கேட்டுக் கானத்துப் பூக்களும் பறவைகளும் கண்ணீர் விடுகின்றன. கம்பனில் இராமன் நகர் நீங்கும்போது பசுவும் கன்றும் பூவும் நீர்ப்பறவையும் அழுகின்றன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுவது உண்மை.

ஆனால் இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, அழும் இயற்கை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வெர்ஜில் பாடிய ஆயர் பாட்டில் தாப்னிஸ் இறந்தபோது மலையும் காடும் துயருற்றன. இலத்தீன் படித்த சேசு சபையார் எவருக்கும் அது பள்ளிப்பாடம். எனவே இதே சான்றை முதல் தரப்பும் தனக்கென எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தமிழ்க் கையறுநிலையிலேயே இயற்கை எப்போதும் உடன் அழுவதில்லை. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் பாடிய குடவாயிற் கீரத்தனார், அந்த நாட்டில் முல்லை இன்னும் பூப்பது ஏன் என்று அதைப் பார்த்துக் கேட்கிறார். இளையோர் சூடவில்லை, வளையணிந்த மகளிர் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் தொடவில்லை. பூவோ தன்பாட்டில் பூத்திருக்கிறது. துயரத்தின் கூர்மை அந்த ஒவ்வாமையில் இருக்கிறது. வீரமாமுனிவர் இந்தப் புறநானூற்று வழியை விட்டுக் கம்பன் வழியில் போனார். தமிழ் மரபு என்று ஒற்றைச் சொல்லில் அடக்கும்போது இந்தத் தேர்வு மறைந்துபோகிறது.

தாயை இழந்த மகனின் பாட்டு என்ற அளவில் இன்னொரு ஒப்பீடும் செய்யத்தக்கது. பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியவை தமிழ் கேட்டோர் எல்லாருக்கும் தெரிந்தவை. அங்கே பெற்றவளின் உடலைத் தீக்குக் கொடுக்கும் கொடுமையே மையம். கருணையன் பாட்டில் தீ இல்லை. மண் இருக்கிறது, படுக்கையாக விரிக்கப்பட்ட குழி இருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்பும் சமயத்துக்கு மண் உறங்கும் இடம். ஆக, மகனின் துயரம் என்ற தமிழ்ச் சட்டகத்துக்குள் கிறித்தவ அடக்கம் அமர்ந்திருக்கிறது. பட்டினத்தாரின் பாட்டை முனிவர் மனத்தில் வைத்து எழுதினாரா என்பதற்கு நேர்ச் சான்று காட்டப்படாதவரை, இதை ஒப்புமை என்ற அளவிலேயே நிறுத்த வேண்டும்.

மூன்றாம் விடை: எழுதப்படாத ஒப்பாரி

மேற்சொன்ன இரண்டு தரப்பும் புத்தகங்களுக்குள் நின்று வாதிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மானிடவியலாளரும் நாட்டார் வழக்காற்றியலாளரும் வேறொரு கேள்வி கேட்டனர்: எழவு வீட்டில் தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து அழுத பெண்களின் பாட்டு எங்கே போயிற்று?

தமிழ் ஒப்பாரியைப் பற்றி மார்கரெட் எக்னோர் 1986இலும், இசபெல் கிளார்க் தெசேஸ் 2005இலும் எழுதியவை இந்தத் திசையில் முக்கியமானவை. ஒப்பாரி பாடும் பெண் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. தாய்வீடு, வறுமை, தான் பட்ட இழிவு எல்லாவற்றுக்கும் சேர்த்தே அழுகிறாள் என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து தெரிவது. இழவோடு இளிவையும் வறுமையையும் அழுகைக்குக் காரணமாகத் தொல்காப்பியம் சேர்த்துச் சொன்னது இங்கே நினைக்கத்தக்கது.

திருச்சபைக்கும் இந்த அழுகைக்கும் பழைய பகை உண்டு. கூலிக்கு மாரடிப்போரைப் பொன்வாய் அருளப்பர் நான்காம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். தாய் மோனிக்கா 387இல் இறந்தபோது தாம் கண்ணீரை அடக்கியதையும், தம் மகன் வாய்விட்டு அழுதபோது சுற்றியிருந்தோர் அவனை அமைதிப்படுத்தியதையும், பிறகு ஒருவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாடத் தொடங்கியதையும் அகுஸ்தினார் தம் ஒப்புதல்களில் எழுதியிருக்கிறார். ஸ்பெயினிலேயே 589இல் கூடிய மூன்றாம் தொலேதோ சங்கம், சவ ஊர்வலத்தில் சாவுப் பாட்டும் மார்பில் அடித்துக்கொள்வதும் கூடாது, சங்கீதம் மட்டுமே பாட வேண்டும் என்று விதித்தது. அதாவது, ஸ்பானிய மோட்டெட்டின் அடியில் ஒரு ஸ்பானிய ஒப்பாரி புதைந்துகிடக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஆண்களும் சிறுவரும் பல குரலில் பாடிய அந்த இசை, பெண்களின் வாயை மூடிய இடத்தில் எழுந்தது.

இந்த வெளிச்சத்தில் கருணையன் பாட்டைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அகுஸ்தினாரின் மகனை அடக்கியதுபோல் கருணையனை எவரும் அடக்கவில்லை. அவன் வாய்விட்டு அழுகிறான். காடு எதிரொலியாகச் சேர்ந்து அழுகிறது. ஒருத்தி எடுத்துக்கொடுக்கச் சுற்றியிருப்போர் சேர்ந்துகொள்ளும் ஒப்பாரியின் அமைப்பு இதில் நிழலாடுகிறது என்று வாதிட இடமுண்டு.

வாதிட இடமுண்டு என்பதற்கு மேல் போகவும் முடியாது. ஒப்பாரி வாய்மொழி, நமக்குக் கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றை வைத்து 1720களின் கொள்ளிடக் கரையை வருணிப்பது காலவழுவாகிவிடக்கூடும். பெண்களின் பாட்டிலிருந்து முனிவர் எடுத்தார் என்றால், அதை ஆண் குரலுக்கு மாற்றி, செந்தமிழாக்கி, தன் வறுமையைப் பேசும் பகுதியை நீக்கிவிட்டுத்தான் எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் புலவரின் கையறுநிலையும் பாடகர் குழுவின் மோட்டெட்டும் ஒரே வேலையைச் செய்தன: ஓயாத அழுகைக்கு வரம்பு கட்டின.

நான்காம் விடை: குரலுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

வேரைத் தேடுவதை விட்டுவிட்டு நிறுவனங்களைப் பார்க்கச் சொல்வது அண்மைக் கால ஆய்வுப் போக்கு. பல்குரல் பாட்டுக்கு வேண்டியவை எவை? சம்பளம் வாங்கும் பாடகர், பயிற்சி பெறும் சிறுவர், ஆர்கன், இசைத்தாள், கல்லால் கட்டிய கோயில், இவை அனைத்துக்கும் மேல் ஓர் அரசு. பேரரசர் ஐந்தாம் சார்லசுக்காக 1559இல் மெக்சிகோ நகரில் மாபெரும் நினைவுமேடை எழுப்பி இறுதி வழிபாடு நடந்தது. இறந்தவர் உடல் கடலுக்கு அப்பால் இருந்தது. மெக்சிகோவில் மேடையும் இசையும் அரசின் இருப்பைக் காட்டின. சாவுப் பாட்டு அங்கே ஆட்சியின் குரலாகவும் இருந்தது.

இதனால் உள்ளூர் மொழி அங்கே விலக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1631இல் லிமாவில் அச்சான ஒரு நூலில் கெச்சுவா மொழியில் நான்கு குரல் மரியன்னைப் பாட்டு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் பல்குரல் பாட்டாக அது கருதப்படுகிறது. இத்தாலியில் 1688இல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1717இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய தொமெனிகோ சிபோலி, குவாரனி மக்களிடையே சபை நடத்திய குடியிருப்புகளில் பரவலாகப் பாடப்பட்ட இசையை அமைத்தார். 1726இல் கோர்தொபாவில் இறந்தார். தேம்பாவணி முடிந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரே நாட்டில் எட்டு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரு சேசு சபையார்: ஒருவர் கையில் ஆர்கன், இன்னொருவர் கையில் எழுத்தாணி. இந்த வேறுபாட்டை அவர்களின் இயல்பைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

அரியலூரில் பாதிரியாருக்குப் பின்னால் படை இல்லை. பாளையக்காரரின் இசைவே காப்பு. இங்கே மதிப்புப் பெற வேண்டுமானால் அரண்மனையும் புலவரும் ஏற்கும் கருவி வேண்டும், அது செய்யுள். தமிழ்நாட்டுக் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்ந்த மார்கரீத்தா திரெந்தோ, சாசா எபெலிங் ஆகியோர் வீரமாமுனிவரைப் 'புலவர்' என்ற சமூகப் பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். ஏலாக்குறிச்சியில் உபதேசிமாருக்குப் பயிற்சி நடந்தது. அவர்களுக்கென்றே வேதியர் ஒழுக்கம் எழுதப்பட்டது. அவர்கள் மனப்பாடமாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்லத்தக்கது விருத்தம். ஆறு குரல் பாட்டை ஒற்றை ஆளால் சுமந்துசெல்ல முடியாது.

இசைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1704இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, உள்ளூர்க் கிறித்தவர் கைவிடாத, மலபார் வழக்கங்கள் எனப்பட்டவற்றைத் தடைசெய்தபோது, கிறித்தவ இசைக்கலைஞர்கள் பிற கோயில் திருவிழாக்களில் வாசிப்பதையும் தடுத்தது. வாத்தியம் என்றாலே சாதியும் கோயிலும் சாவும் ஒட்டிக்கொண்டு வந்த நாட்டில், வாத்தியம் வேண்டாத செய்யுள் பாதுகாப்பான வழியாகத் தோன்றியிருக்கலாம்.

அக்கம்பக்கத்து நிகழ்வுகள் இந்த விடைக்கு ஓரளவு துணை நிற்கின்றன. போர்த்துக்கீசர் ஆண்ட கோவாவில் தவக்கால மோட்டெட்டு வேர்பிடித்து இன்றும் பாடப்படுகிறது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில் மறைந்து பணி செய்த கோவாக்காரர் ஜாக்கோமே கொன்சால்வஸ் (1676–1742), டச்சு அரசின் துணை இல்லாத நிலையில், தமிழில் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். அது தவக்காலத்தில் நீட்டி ஓதப்படும் உரைநடை. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய ஜெர்மானிய லூத்தரன்கள், டேனிய கோட்டையின் நிழலில், ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தினர். அரசு இருந்த இடத்தில் மெட்டு வந்தது. இல்லாத இடத்தில் சொல் வளர்ந்தது.

ஆயினும் இதையும் முழு விடையாகக் கொள்ள முடியாது. கோட்டை இருந்த தஞ்சை வட்டார லூத்தரன்களிடையிலேயே வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசைக் கீர்த்தனையைத் தூக்கிப்பிடித்தார். நிறுவனம் எது முடியும் என்பதைச் சொல்லும். எது உள்ளத்தைத் தொடும் என்பதைச் சொல்லாது.

வழிபாடும் வாசலும்

நான்கு விடைகளும் போதிய அளவு கவனிக்காத ஒன்று, ஒரே சாவில் பல குரல்கள் அடுக்காக இருந்தன என்பது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை கத்தோலிக்க இறந்தோர் பூசை இலத்தீனில்தான் நடந்தது. கோயிலுக்குள் இலத்தீன் மந்திரம். தவக்கால இரவுகளில் வியாகுலப் பிரசங்கமும் பாஸ்கு நாடகமும். வீட்டு வாசலில் பெண்களின் அழுகை. படித்தவர் கையில் தேம்பாவணி. உடலைச் சுமந்த பெட்டிக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'தூம்பா' என்ற சொல் போர்த்துக்கீசியம். ஸ்பானிய அரச நினைவுமேடையின் பெயரும் அதை ஒத்தே ஒலிக்கிறது. மேடை வராத ஊருக்கும் சொல் வந்து சேர்ந்தது.

சங்கத்துக்குப் பிறகு தமிழ் பீடம் ஏறியது. அடக்கத் திருப்பலிக்குத் தமிழ்ப் பாடல்கள் வந்தன. அவற்றில் மெல்லிசையும் கருநாடக இசையும் மேற்கத்திய இசையும் கலந்திருக்கின்றன. 'ஐரோப்பிய வேரா, தமிழ் வேரா' என்று பதினெட்டாம் நூற்றாண்டைப் பார்த்துக் கேட்பது இந்தக் கலவைக்குப் பிந்தைய காலத்தின் கவலையோ என்ற ஐயம் நியாயமானது.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கருணையன் புலம்பலின் கதைக்களம் ஸ்பானியப் பரோக் பக்தி உலகோடு தொடர்புடையது. அதன் மொழியும் உவமையும் யாப்பும் தமிழ்க் காப்பிய வழியில் வந்தவை. அழும் இயற்கையை எந்த ஒரு தரப்பும் தனக்கென மட்டும் உரிமை கொண்டாட முடியாது. பல்குரல் பாட்டு கொள்ளிடக் கரைக்கு வராததற்குச் சுவை வேறுபாட்டைவிட அரசும் பணமும் இடமும் நெருங்கிய காரணங்கள்.

திறந்தே இருப்பவை இரண்டு. ஒன்று ஓசை. விருத்தம் படிப்பதற்கு மட்டும் உரியதன்று. பண்ணோடு பாடுவதற்கும் உரியது. உபதேசிமார் வாயில் இந்தப் பாடல்கள் எப்படி ஒலித்தன என்பதை ஏட்டின் எழுத்து சொல்வதில்லை. புவெப்லாவின் இசை தாளில் குறியாக நின்றதால் இன்றைய பாடகர் அதை மீண்டும் பாட முடிகிறது; ஏலாக்குறிச்சியின் சொல் நின்றது, ஓசை நிற்கவில்லை. மற்றொன்று, ஒப்பாரிக்கும் காப்பியத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். இதில் பெண்கள் கொடுத்தார்களா, வாங்கினார்களா, இரண்டுமா என்பதை நூலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய இயலாது.

ஓசையைப் பற்றிய கேள்விக்கு இனி முழு விடை கிடைப்பது அரிது. இரண்டாவது அப்படியன்று. ஏலாக்குறிச்சி, வரதராஜன்பேட்டை, தென்னூர் போன்ற கத்தோலிக்க ஊர்களிலும், பெரம்பலூர் பக்கத்துச் சிற்றூர்களிலும் ஒப்பாரி வைக்கத் தெரிந்த மூத்த பெண்கள் இன்னும் இருக்கும்போதே அவர்களின் பாட்டைப் பதிவு செய்து, தேம்பாவணியோடும் அன்னை அழுங்கல் அந்தாதியோடும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒப்பாரி வைப்பது நாகரிகக் குறைவு என்ற எண்ணம் பரவிவரும் காலத்தில், அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு தலைமுறைக்கும் குறைவே.